பாட்டும் ஒரு கைமுதல்

வீட்டை விட்டு ஓட வேண்டி வந்த நாளில் எதைக் கையில் எடுத்தோம்? அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு பொட்டலம் அரிசி, அகப்பட்ட இரண்டு உடுப்பு. சிலருக்கு அதற்கும் நேரம் கிடைக்கவில்லை. கலப்பை வயலோரத்தில் கிடந்தது. விதைநெல் மூட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அவிழ்க்க முடியாமல் வந்து, அதை நினைத்து இன்றும் வருந்துகிறவர்களும் உண்டு.

1984 இல் தென்னமரவாடியிலிருந்தும், 1985 இல் திரியாயிலிருந்தும், 2006 இல் சம்பூர்ப் பகுதியிலிருந்தும் எமது மாவட்டத்து விவசாயக் குடும்பங்கள் இவ்விதமாகவே புறப்பட்டன. இவர்களுள் ஊர் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். திரும்பியும் பழைய வயலைக் காணாதவர்கள் இருக்கிறார்கள். உறவினர் வளவிலேயே காலத்தைக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள்.

எவரும் மூட்டை கட்டாமலே கூட வந்த பொருள் ஒன்று உண்டு. அது பாட்டு. அம்மம்மா பாடிய தாலாட்டு, களத்தில் கேட்ட பொலிப்பாட்டு, தேநீர்க் கடை வானொலியில் கேட்டு மனப்பாடமான சினிமாப் பாட்டு ஆகிய எல்லாம் நெஞ்சுக்குள் இருந்தபடியே முகாம் வரை வந்தன. சோதனைச் சாவடியில் அதை எவரும் இறக்கிப் பார்க்கவில்லை.

பாட்டு வயிற்றை நிரப்பாது என்பது உண்மை. ஆனாலும் குடும்பம் எப்படிச் சேர்ந்திருக்க வேண்டும், சொந்தக் காலில் எப்படி நிற்க வேண்டும், அயலவருக்கு எப்படி இரங்க வேண்டும் என்ற மூன்று பாடங்களையும் பள்ளிக்கூடம் போகாத எமது முன்னோர் பாட்டிலேதான் படித்தார்கள். அந்த வகையில் பாட்டும் எமக்கொரு கைமுதல். கைமுதலைப் பாவிக்காமல் வைத்திருந்தால் அது கரைந்துபோகும். 2006 இல் முகாமில் பிறந்த பிள்ளை, சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்படத் தொடங்கிய 2015 இல் ஒன்பது வயதை எட்டியிருந்தது. தன் தகப்பன் சொந்த வயலில் இறங்கி நிற்பதை அந்தப் பிள்ளை அதுவரை கண்டதில்லை. வயலைக் காணாத பிள்ளைக்கு வயற்பாட்டு எங்கிருந்து வரும்? இதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சிந்திக்கப் போகிறோம்.

பாட்டு வந்த மூன்று வழிகள்

எமது மக்கள் வாயில் புழங்கும் பாட்டுகள் மூன்று வழிகளால் வந்தவை.

முதலாவது வழி ஊர். தாலாட்டு, ஏர்ப்பாட்டு, பரண் காவலில் பாடும் கவி, களத்தில் பாடும் பொலிப்பாட்டு, கரைவலை இழுப்போர் பாடும் அம்பா, சித்திரையில் ஊஞ்சற் பாட்டு என்பன இவ்வழியில் வந்தவை. இவற்றை ஆக்கியவர் பெயர் எவருக்கும் தெரியாது. பாடியவர் எல்லோருமே சிறிது சேர்த்தும் சிறிது மாற்றியும் பாடினார்கள். கிழக்கு மாகாணத்தின் இந்தச் செல்வத்தைப் படித்தவர்கள் கவனிக்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூல் அந்த முயற்சிகளில் முக்கியமானது.

இரண்டாவது வழி வானொலி. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 இல் ஆரம்பமானது. 1967 இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. அதன் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டு மக்களும் விரும்பிக் கேட்டார்கள். ஊரில் ஒரு வீட்டில் வானொலி இருந்தால் அயலில் எல்லா வீட்டுக்கும் பாட்டு இருந்தது. யுத்த காலத்தில் வடக்கில் பற்றரிக்குத் தடை வந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். செய்திக்காகச் சுற்றிய கை, பாட்டு முடியும்வரை நிற்கவில்லை.

மூன்றாவது வழி எமது நாட்டிலேயே எழுதிப் பாடப்பட்ட பாட்டுகள். வானொலியின் மெல்லிசைப் பாடல்களும், 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிப் பரவிய பொப்பிசைப் பாடல்களும், 1972 இல் வெளிவந்த 'குத்துவிளக்கு' போன்ற இலங்கைத் தமிழ்த் திரைப்படங்களின் பாடல்களும் இவ்வகையின. எமது பேச்சு வழக்கிலேயே இவை இருந்தபடியால் சிறுவர் முதல் முதியோர் வரை உடனே பாடக்கூடியதாக இருந்தது.

குடும்பம்: தாலாட்டு என்னும் உறவுப் பதிவு

தாலாட்டைக் குழந்தையைத் தூங்க வைக்கும் பாட்டு என்று மட்டும் எண்ணிவிடுகிறோம். அதன் அமைப்பைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். குழந்தை ஏன் அழுகிறது, யார் அடித்தார்கள் என்று தாய் கேட்கிறாள். பிறகு மாமன், மாமி, பெரியம்மா, அம்மம்மா என்று ஒவ்வொருவராக அழைக்கிறாள். யார் என்ன கொண்டு வருவார்கள் என்று சொல்கிறாள். ஊரின் பெயர் வருகிறது. குளம் வருகிறது. கோயில் வருகிறது. பேசத் தெரியாத பிள்ளையின் காதில் அதன் சுற்றம் முழுவதும் பதிவாகிவிடுகிறது. கிராம அலுவலரின் பதிவேட்டில் பெயர் ஏறுமுன்பே தாலாட்டில் பெயர் ஏறிவிடுகிறது.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இந்தப் பதிவு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாமன் ஒரு முகாமிலும் பெரியம்மா வேறொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். வேறு சிலர் எங்கே என்றே தெரியாது. அப்படியிருந்தும் தாய் அவர்கள் பெயரைச் சொல்லித் தாலாட்டும்போது, அந்தப் பிள்ளை உறவற்ற பிள்ளையாக வளர்வதில்லை. காணாமற் போனவரின் பெயரைப் பேச்சில் எடுக்கத் துணிவில்லாத தாயும் தாலாட்டில் எடுப்பாள். அழுகைக்கும் அங்கே இடம் உண்டு.

சினிமாப் பாட்டிலும் இந்த மரபு தொடர்ந்தது. 1961 இல் வெளிவந்த 'பாசமலர்' படத்தை எமது பெற்றோர் மறக்கமாட்டார்கள். தாய் தகப்பன் இல்லாத அண்ணனும் தங்கையுமாகச் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்தார்கள். பிரிந்துபோன இருவரும் தத்தம் குழந்தையைத் தாலாட்டுவதாகக் கவிஞர் கண்ணதாசன் எழுதிய பாட்டுக்கு விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைத்தார்கள். ரி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடினார்கள். ஒரே தாலாட்டு இரண்டு வீட்டில் கேட்கிறது. ஒருவரையொருவர் காணவில்லை, ஆனால் பாட்டில் சேர்ந்திருக்கிறார்கள். உறவு பிரிந்து கிடக்கும் எமக்கு அந்தப் பாட்டு ஏன் தொண்டையை அடைக்கிறது என்பது இப்போது விளங்கும்.

குடும்பப் பாட்டு எல்லாம் கண்ணீர்ப் பாட்டாக இருக்க வேண்டும் என்றில்லை. சிரிப்பிலும் ஒரு வழி உண்டு. நித்தி கனகரத்தினம் கள்ளுக்கடையை விலக்கச் சொல்லிப் பாடிய பாட்டு அப்படிப்பட்டது. முகாம் வாழ்வில் வேலையில்லாத பகல் மிக நீளமானது. கசிப்பு அந்தப் பகலுக்குள்தான் முதலில் நுழைந்தது. நிவாரண அரிசியை விற்றுக் குடித்த வீடுகளை நாம் அறிவோம். குடிப்பவரை முகத்துக்கு நேரே ஏசினால் சண்டை வரும், அடி விழுவது மனைவிக்கு. பாட்டோ எவர் பெயரையும் சொல்வதில்லை. கலியாண வீட்டில் எல்லோரும் கைதட்டிப் பாடும்போது குடிகாரரும் சேர்ந்து பாடுகிறார். தன் வாயாலேயே தனக்குப் புத்தி சொல்லிக்கொள்கிறார். பாட்டு முடிந்ததும் திருந்திவிடுவார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சைத் தொடங்க ஒரு வாசல் திறந்துவிடுகிறது. மறுநாள் காலை அவரோடு கதைக்கப் போகிறவருக்கு அது உதவி.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். குடும்பத்தைப் பற்றிய பாட்டுகள் பல, பொறுத்துப் போ என்று பெண்ணுக்கே சொல்கின்றன. 1974 இல் கே. பாலசந்தர் எடுத்த 'அவள் ஒரு தொடர்கதை' படம், ஒரு வீட்டின் முழுப் பாரத்தையும் மூத்த மகள் ஒருத்தி சுமப்பதைக் காட்டியது. கணவனை இழந்து, தனியே குடும்பத்தை நடத்தும் எமது தாய்மாருக்கும் மூத்த மகள்மாருக்கும் இன்னும் பொறு என்று பாடுவது நியாயமல்ல. பாரத்தைப் பகிரச் சொல்லும் பாட்டுகளைத் தெரிந்தெடுப்போம்.

சொந்தக் கால்: பட்டுக்கோட்டையார் சொன்னது

சுயமுயற்சியைப் பற்றிப் பாடியவர்களுள் உழைப்பாளி மக்களுக்கு மிக நெருங்கியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1930 இல் தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காடு என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு மிகச் சொற்பம். வயல் வேலை, மாடு மேய்த்தல், மாம்பழ வியாபாரம், உப்பள வேலை, நாடக நடிப்பு என்று பல தொழில் செய்து பார்த்தவர். 1950களின் நடுப்பகுதியில் சினிமாவுக்குப் பாட்டு எழுதத் தொடங்கினார். 1959 ஒக்டோபர் 8 இல் இறந்தபோது அவருக்கு வயது 29 தான். 'அரசிளங்குமரி', 'திருடாதே' ஆகிய படங்கள் 1961 இல் வெளிவந்து, அவற்றில் சிறுவருக்குப் புத்தி சொல்லும் அவரது பாட்டுகளை ஊரெல்லாம் பாடியபோது எழுதியவர் உயிரோடு இல்லை.

1958 இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்தில் அவர் எழுதிய இரண்டு பாட்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, தம்பியை விழித்திருக்கச் சொல்வது. சோம்பலில் காலத்தை விட்டவன் பிறகு விதியை நொந்து பயனில்லை என்பது அதன் கருத்து. மற்றது, ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வதாக அமைந்தது. விளைச்சல் நன்றாக வந்தும் பாடுபட்ட எமக்கு ஏன் ஒன்றும் மிஞ்சவில்லை என்று அவள் கேட்கிறாள்.

முதற்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, முயற்சி செய்தால் முன்னேறலாம் என்று இடம்பெயர்ந்த விவசாயிக்கு உபதேசம் பண்ணுவது இலகு. பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் எமது மக்களிடம் முயற்சிக்குக் குறைவில்லை. குறைவாக இருப்பது காணி, விதைநெல், மாடு, தண்ணீர், கடனுக்கு நியாயமான வட்டி. இரண்டாம் பாட்டு கேட்கும் கேள்வியை மறைத்துவிட்டு முதற்பாட்டைப் பாடினால், ஏழ்மைக்குக் காரணம் ஏழையின் சோம்பலே என்று ஆகிவிடும். பட்டுக்கோட்டையார் இரண்டையும் ஒரே படத்தில் எழுதினார். விழித்திரு என்றார். விளைச்சல் எங்கே போகிறது என்று கேள் என்றும் சொன்னார். உழைப்பும் கேள்வியும் சேர்ந்ததே அவர் காட்டிய சொந்தக் கால்.

1967 இல் வந்த 'விவசாயி' படத்துக்கு மருதகாசி எழுதிய தலைப்புப் பாட்டும் நினைவுக்கு வருகிறது. உழவுத் தொழிலைக் கடவுள் நம்பித் தந்த பொறுப்பாக அது போற்றுகிறது. முகாமில் வரிசையில் நின்று பழகிப்போன விவசாயிக்கு, தான் பிறருக்குச் சோறு போட்டவன் என்பதை நினைவூட்டும் பாட்டு இது. மானம் என்பதும் ஒரு முதல்தான். நிவாரணம் எடுத்த குற்ற உணர்வோடு தலைகுனிந்து நிற்பவரை விட, நான் விவசாயி, எனது காணி இன்ன இடத்தில் இருக்கிறது என்று நிமிர்ந்து சொல்பவர் அலுவலகத்தில் தன் காரியத்தைத் தெளிவாகப் பேசுவார்.

கைகள் சேரும் இடம்: அம்பா, பொலி, பரண்

சினிமாப் பாட்டு பெரும்பாலும் ஒருவர் பாடிப் பலர் கேட்பது. எமது பழைய தொழிற்பாட்டுகள் அப்படியல்ல. அவை பலர் சேர்ந்து செய்யும் வேலைக்குள்ளேயே பிறந்தவை. சொந்தக் கால் என்பதற்கு எமது முன்னோர் என்ன பொருள் கொண்டார்கள் என்பதை அங்கே காணலாம்.

கரைவலை இழுப்பதை எடுத்துக்கொள்வோம். கடலில் அரைவட்டமாக வளைத்த வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டத்தார் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவர் முன்னே ஓரடி பாடுகிறார். அதுவரை மற்றவர்கள் மூச்சு வாங்குகிறார்கள். எல்லோரும் சேர்ந்து மறுமொழியாகக் குரல் எழுப்பும் கணத்தில் கயிறு ஒரு முழம் கரைக்கு வருகிறது. மறுபடியும் ஓரடி, மறுபடியும் ஓர் இழுப்பு. பத்துப் பேர் பத்து நேரத்தில் இழுத்தால் வலை அசையாது. பத்துப் பேரின் பலத்தையும் ஒரே கணத்தில் சேர்ப்பதற்கு அம்பா பிறந்தது. அதிலுள்ள ஏலேலோ போன்ற ஒலிகளுக்குப் பொருள் இல்லாவிட்டாலும் வேலை உண்டு.

வயலிலும் அப்படியே. சூடு மிதிப்பு பெரும்பாலும் இரவில் நடந்தது. பிணைத்த மாடுகள் களத்தைச் சுற்றிச் சுற்றி வரும். மாட்டை நடத்துகிறவருக்கு நித்திரை வரக்கூடாது, மாடும் நிற்கக்கூடாது. அதற்காகப் பொலிப்பாட்டு. பொலி என்றால் பெருகு, நிறை என்று பொருள். களத்தில் சில சாதாரணச் சொற்களைத் தவிர்த்து வேறு சொற்களைப் பாவிக்கும் வழக்கமும் கிழக்கில் இருந்தது. நெல்லையே அங்கே பொலி என்பார்கள். இன்று உனது களத்துக்கு நான் வருகிறேன், நாளை எனது களத்துக்கு நீ வா என்ற உடன்பாட்டில்தான் அந்த வேலை நடந்தது. காசு குறைவாக இருந்த ஊரில் கைதான் கடன், கைதான் வட்டி.

சேனையிலும் வயலிலும் பரண் கட்டி இரவு காவல் இருந்தவர்கள் கவி பாடினார்கள். பன்றிக்கும் யானைக்கும் அது எச்சரிக்கை. அடுத்த பரணில் இருப்பவருக்கு அது செய்தி: நான் விழித்திருக்கிறேன், நீ பயப்படாதே. ஒருவர் பாடி நிறுத்த மற்றவர் தொடர்வார். குரல் வராவிட்டால் என்ன நடந்ததோ என்று பந்தத்தோடு போய்ப் பார்ப்பார்கள்.

இந்த வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. மூதூர், கிண்ணியா முதலிய இடங்களில் முஸ்லிம் விவசாயிகளும் கவி பாடினார்கள். ஒருவருக்கொருவர் கவியால் கேள்வி கேட்டுக் கவியால் பதில் சொல்வது கிழக்கு முஸ்லிம் மக்களிடையே பேர்பெற்ற கலை. சிங்கள விவசாயிகளிடம் பரண் காவலில் பாடும் 'பெல் கவி'யும், அறுவடையில் பாடும் 'கொயம் கவி'யும் உண்டு. மூன்று சமூகத்தாரும் ஒரே இருட்டில், ஒரே யானைக்குப் பயந்து, ஒரே விதமாகப் பாடி விழித்திருந்தார்கள். பிற்காலத்தில் ஒருவருக்கு மற்றவர் பயந்து விழித்திருக்க நேர்ந்தது எமது துயரம். பாட்டின் கதையைச் சொல்லும்போது பழைய விழிப்பையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

உழவு இயந்திரம் வந்ததும் சூடு மிதிக்கும் மாடு போயிற்று. அறுவடை இயந்திரம் வந்ததும் அருவிவெட்டுக் கூட்டம் போயிற்று. வேலை போனதும் பாட்டும் போயிற்று. முதுகு முறியும் வேலை குறைந்ததற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் வேலையோடு சேர்ந்து, ஒருவர் களத்துக்கு மற்றவர் போகும் பழக்கமும் போய்விட்டது. ஊர் திரும்பிய குடும்பம் ஒன்று பற்றைக்காட்டைத் தனியே வெட்டி, தூர்ந்த கிணற்றைத் தனியே இறைத்து, களைத்துப்போய் உட்கார்ந்திருப்பதை நாம் காண்கிறோம். ஊரெல்லாம் சேர்ந்து இழுக்க வேண்டிய வலையைத் தனியொருவர் இழுக்கும் நிலை இது. எமது பழைய பாட்டுகளில் தன்னம்பிக்கை இருக்கிறது. ஆனால் தனிமை இல்லை.

இரக்கம்: அடுப்பு எரிந்தால்தான் பாட்டு நிற்கும்

இரக்கத்தைப் பற்றிப் பாடியவர்களுள் வடலூர் இராமலிங்க அடிகள் (1823–1874) தமிழர் எல்லோரும் அறிந்தவர். தண்ணீர் இல்லாமல் சோர்ந்த பயிரைப் பார்த்துத் தமது உள்ளமும் சோர்ந்ததாக அவர் பாடினார். விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறுபோகத்தில் வாய்க்கால் வற்றி, கதிர் வெளிவரும் நேரத்தில் பயிர் வாடினால் எமக்கும் சோறு இறங்காது. பயிருக்கே இரங்கியவர் பசித்த மனிதரைப் பார்த்துப் பாடியதோடு நிற்கவில்லை. 1867 இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. வருகிறவர் யார், எந்தச் சாதி என்று கேளாமல் அங்கே சோறு போடுகிறார்கள். அவரது பாட்டு இத்தனை காலம் நிலைத்ததற்கு அந்த அடுப்பும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

எமது களங்களிலும் இரக்கத்துக்கு ஒழுங்கு இருந்தது. அறுத்த வயலில் சிந்திய கதிரை ஏழைகள் பொறுக்கலாம். களத்தில் நெல்லைத் தூற்றியதும், வீட்டுக்கு ஏற்றுமுன்பே கோயிலுக்கும் தொழிலாளருக்கும் இல்லாதவருக்கும் என்று பங்கு கொடுத்தார்கள். மரைக்காலால் அளந்து, மூட்டை கட்டி, வீட்டுக்குள் அடுக்கிய பிறகு எடுத்துக் கொடுப்பது எவருக்கும் கடினம். இதை அறிந்தே களத்திலேயே கொடுக்கும் வழக்கத்தை வைத்தார்கள். வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடச் சொன்ன வேதாகமத்துச் சட்டமும், கதிர் பொறுக்கிப் பிழைத்த ரூத்தின் கதையும் இதே கருத்தைச் சொல்வதை வாசகர்கள் நினைவுகூரலாம். ரூத்தும் ஊர்விட்டு ஊர் வந்தவள்தான்.

பழையது எல்லாம் நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. களத்துப் பங்கீட்டில் கொடுப்பவர் மேல், வாங்குபவர் கீழ் என்ற சாதிப் பார்வையும் கலந்திருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரத் தேவையில்லை. அளக்குமுன் கொடு என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைக்கும் பிடியரிசிச் சேமிப்பு இதற்கு ஏற்றது. முப்பது வீட்டார் சேர்ந்தால் ஒரு நாளைக்கு முப்பது பிடி. பிள்ளைப்பேறு நடந்த வீட்டுக்கும், நோயாளி உள்ள வீட்டுக்கும் அதிலிருந்து கொடுக்கலாம். யார் கொடுத்தது என்று தெரியாதபடியால் வாங்குபவர் தலைகுனிய வேண்டியதில்லை. இன்று கொடுத்தவர் நாளை வாங்கவும் கூடும்.

நாம் செய்யக்கூடியவை

ஊரில் முதியவர் ஒருவர் கண்மூடும்போது அவருக்குத் தெரிந்த பாட்டுகளும் அவரோடு போய்விடுகின்றன. ஆகவே காலம் தாழ்த்தாமல் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. ஊருக்கொரு பாட்டுக் கொப்பி வையுங்கள். பாடியவர் பெயர், அவரது பழைய ஊர், எந்த வேலையின்போது பாடியது, எழுதிய திகதி ஆகியவற்றையும் குறியுங்கள்.

2. பாடியவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். பள்ளிக்கூடத் தமிழுக்குத் திருத்த வேண்டாம். பிழை என்று நீங்கள் நினைப்பது அந்த ஊரின் பழைய வழக்காக இருக்கக்கூடும்.

3. கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யலாம். முதலில் பாடுபவரிடம் சம்மதம் கேளுங்கள். ஒரு பிரதியை வேறொருவரிடமும் வைத்திருங்கள். ஒரு தொலைபேசி பழுதானால் மற்றது உதவும்.

4. முதியவரை உட்கார வைத்துப் பாடச் சொன்னால் பாட்டு வராது. உலக்கையைக் கையில் கொடுங்கள், பேரப்பிள்ளையை மடியில் வையுங்கள். கை அசைந்தால் பாட்டு தானாக வரும்.

5. கிணறு இறைத்தல், வாய்க்கால் துப்புரவு, வரம்பு கட்டுதல் ஆகிய சிரமதான வேலைகளில் ஒருவர் முன்பாட மற்றவர்கள் பின்பாடுங்கள். வேலை இலகுவாவதைக் கண்ணால் காண்பீர்கள்.

6. மாதர் சங்கக் கூட்டத்தையோ கமக்காரர் அமைப்பின் கூட்டத்தையோ ஒரு பாட்டோடு தொடங்குங்கள். பிறகு பத்து நிமிடம் அதைப் பற்றிக் கதையுங்கள்.

7. அயற்கிராமத்து முஸ்லிம், சிங்கள முதியவர்களிடமும் அவர்களது கவிகளைக் கேளுங்கள். ஒருவர் பாட்டை ஒருவர் கேட்பது, நெடுங்காலம் பூட்டிக் கிடந்த படலையைத் திறப்பது போன்றது.

கூட்டங்களில் கலந்துரையாடச் சில கேள்விகள்

உங்கள் தாய் பாடிய தாலாட்டில் எந்த ஊர்ப் பெயர்கள் வந்தன? அவற்றை உங்கள் பிள்ளைகள் அறிவார்களா?

நீங்கள் விரும்பிக் கேட்கும் பாட்டு ஒன்றைச் சொல்லுங்கள். அது யாரைப் பொறுக்கச் சொல்கிறது? யாரை உழைக்கச் சொல்கிறது? இருவருக்கும் நியாயம் செய்கிறதா?

உங்கள் கிராமத்தில் இப்போது தனியொருவர் இழுத்துக்கொண்டிருக்கும் வலை எது? எத்தனை கை சேர்ந்தால் அது கரைக்கு வரும்?

ஊர் திரும்பிய வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பற்றை வெட்டி, வரம்பு கட்டி, முதல் விதைப்புக்கு வயலில் இறங்கும் நாளில் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். இன்னும் திரும்பாதவர்கள், இருக்கும் வளவில் நாலு கத்தரி நடும்போதாவது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டை வாய்விட்டுப் பாடுங்கள். குரல் நன்றாக இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம். மாடு குறை சொன்னதில்லை, பிள்ளையும் சொல்லாது.